ஏற்றியவர் பெயர்

மூன்றே முக்காலுக்கு எடைமேடை நின்றுவிடுகிறது.
மூன்றரைக்கு இல்லை, நான்குக்கு இல்லை.
லாபிஸில் மழை பிடிக்கும் நேரமும் அதுதான் என்பதால்
முதல் வாரம் மின்சாரத்தைத் திட்டினோம்.

ஆலை வாசலில் பதினேழு லோரி.
செம்பனைக் குலை காத்திருந்தால் எண்ணெயில்
அமிலம் ஏறும். அது ஏறினால் விலை இறங்கும்.
பாக் மிஸ்வான் இஞ்சினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங் மேல் கால் போட்டுத் தூங்குகிறார்.
சியூ லான் சீட்டுப் பொத்தானை அமுக்குகிறாள்.
வரவில்லை. மறுபடி அமுக்குகிறாள்.
ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு புது வேலையாள்
உள்ளே போய் வெளியே வராமல் இருந்தது
எனக்கு அப்போது தெரியாது.

துணை மேனேஜர் குணாளன் கேட்டார்:
"பெர்ல்னா செத்த பாஷைன்னு என் மவன் சொல்றான்.
புதுசா வாங்கிடலாமா?"
பதினோரு வருஷமாய் உங்கள் சம்பளத்தையும்
அந்தப் பிணம்தானே கணக்குப் போடுகிறது என்று
சொல்லவில்லை.
"ஒரு வாரம் கொடுங்க" என்றேன்.

டயர்க் கடைக்கு மேல் என் அறை.
முதலில் மெமரியைச் சந்தேகித்தேன்.
சர்வர் பெற்ற சேய்கள் தின்று தின்று கொழுத்திருந்தன,
ஆளுக்குத் தொண்ணூறு எம்பி.
ஐந்நூறு வேலை முடித்ததும் செத்துவிடு என்று எழுதினேன்.
பொதுச் சரக்கைத் தாயிடமே ஏற்றிவைத்தேன்.
லோரி எண்ணுக்கு ஓர் இன்டெக்ஸ்.
மூன்று விநாடிப் பக்கம் அரை விநாடிக்கு வந்தது.
எனக்கே என்னைப் பிடித்துப்போய்
கீழே இறங்கி மீ கோரெங் வாங்கித் தின்றேன்,
முட்டை வைத்து.

மறுநாள் மூன்றே முக்கால்.
நின்றது.

அப்புறம்தான், நிற்கும்போதே போய்ப் பார்த்தேன்.
சிபியு நூற்றுக்கு நூறு.
டேட்டாபேஸ் சும்மா. டிஸ்க் சும்மா.
யாரோ உள்ளே உட்கார்ந்து
தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
லாக்கில் வரிக்கு வரி நேரம் குறிக்கவைத்தேன்.
ஒவ்வொரு தடவையும் கடைசி வரி ஒன்றே:
'ஏற்றியவர் பெயர்' கட்டத்தில்
தன் பெயர் எது, தகப்பன் பெயர் எது என்று பிரிக்கும் இடம்.

எழுதியது நான். இருபத்து நாலு வயதில்.
சொற்கள் எத்தனையானாலும் வரட்டும், அதற்குப் பிறகு
ஒரு 'பின்' அல்லது 'ஏ சாய்கோடு எல்'.
ஒரு கூட்டல் குறிக்குள் இன்னொரு கூட்டல் குறி.
மிஸ்வானுக்கு 'பின்' இருக்கிறது.
என் அப்பாவுக்கு 'ஏ சாய்கோடு எல்'.
சீனப் பெயர்களில் இரண்டும் இல்லை, ஆனால் சின்னப் பெயர்கள்,
தோற்றாலும் கண்ணிமைக்குள் தோற்கும்.
'ஏ சாய்கோடு பி'யை விட்டே போயிருந்தேன்.
என் அடையாளக் கார்டிலேயே இருக்கிறது அது.
பெண்கள் குலை ஏற்றமாட்டார்கள் என்று நினைத்தேனோ என்னவோ.

ஜூன் மாதம் மூன்றாம் டிவிஷனுக்கு வந்தவர்
மொஹம்மத் தொஃபஸ்ஸல் ஹொசைன் ஷிக்தர்.
ரோமன் எழுத்தில் இருபத்தொன்பது.
வெட்டலாமா வேண்டாமா என்று நிற்க இருபத்தைந்து இடம்.
இரண்டை இருபத்தைந்து தரம் பெருக்கினால்
மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம்.
அத்தனை விதமாயும் அவரைத் துண்டு போட்டுத்
தகப்பனைத் தேடியிருக்கிறது என் நிரல்,
இல்லாத ஒரு 'பின்'னுக்காக முன்னும் பின்னும் நடந்து.
சீட்டின் அடியில் மாதக் கணக்கு வரும்.
அதில் பத்தொன்பது வரி அவர்.
அவருடைய ட்ராக்டர் வருவது மூன்றே முக்காலுக்கு.

ஒரு கூட்டல் குறியை அழித்தேன்.
பிறகு அந்த ஏழு வரியையும் அழித்தேன்.
பெயர் பெயராகவே இருக்கட்டும்.

இன்று எடைமேடையில் நானும் நின்றேன். தூறல்.
மட்கார்டிலிருந்து அவர் குதிப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது.
சியூ லான் இன்னொரு முறை அமுக்கக் கை நீட்டி
நீட்டியபடியே நிறுத்தினாள்.
அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
விரலை வைத்துக் காட்டினார்.
கட்டத்தின் அகலம் இருபது எழுத்து.
மொஹம்மத் தொஃபஸ்ஸல் ஹொ.
அதோடு நிற்கிறது.

"மிங்கு டெப்பான்" என்றேன். அடுத்த வாரம்.
பேனா கேட்டு வாங்கி,
ட்ராக்டரின் சூடான பானெட் மேல் சீட்டை வைத்து
மீதியை அவரே எழுதிக்கொண்டார்.